உடன்படிக்கையா, ஒப்பந்தமா, செங்கோலா: எங்கிருந்து தொடங்குவது?

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை கூடுகிற வாசிப்பு வட்டம், அடுத்த எட்டு அமர்வுகளையும் ஒரே கேள்விக்கு ஒதுக்கியிருக்கிறது: அரசு நம்மைக் கட்டுப்படுத்துகிறதே, அந்த உரிமை அதற்கு எங்கிருந்து வந்தது? கேள்வியில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. எதிலிருந்து படிக்கத் தொடங்குவது என்பதில்தான் மூன்று கட்சிகள். ஐரோப்பியர்களின் சமூக ஒப்பந்தக் கோட்பாட்டிலிருந்து தொடங்கலாம் என்பவர்கள் ஒரு பக்கம். நம்முடைய செங்கோல் மரபை வைத்துக்கொண்டு வெளியே ஏன் போக வேண்டும் என்பவர்கள் மறுபக்கம். விவிலியம் சொல்லும் உடன்படிக்கையிலிருந்து தொடங்கலாம் என்றவர் ஒரே ஒருவர். மூன்றையும் ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கிறித்தவன் அல்லன். எழுத உட்கார்ந்தபோது ஒப்பந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் உரைகல் வேண்டும். அது தேடாமலே கிடைத்தது. எங்கள் மாடிக் கதவின் உட்புறத்தில், ஓரங்கள் மஞ்சளேறிய ஒரு தாள் செல்லோ டேப்பால் ஒட்டப்பட்டிருக்கிறது: இரவு ஒன்பது மணிக்கு மேல் மாடிக்கு வரக் கூடாது, 2009ஆம் ஆண்டுப் பொதுக்குழுத் தீர்மானம். முதல் தளத்துக்கு வாடகைக்கு வந்த ஓர் இளம்பெண் போன மாதம் அதைக் காட்டி, "இதை முடிவு பண்ணப்போ நான் ஏழாம் வகுப்பு படிச்சிட்டிருந்தேன் சார். நான் கையெழுத்துப் போடாத காகிதம் என்னை எப்படிக் கட்டும்?" என்று கேட்டார். செயலாளர் சங்கத்தின் விதி எண்ணைச் சொன்னார். விதி இருக்கிறது என்பது உண்மை; விதி ஏன் கட்டும் என்பதுதான் கேள்வி. அரசியல் சிந்தனையின் மிகப் பழைய சிக்கலை அந்தப் பெண் ஒரு பழைய தாளை வைத்துக் கேட்டுவிட்டார். மூன்று வழிகளையும் அவருடைய கேள்விக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கிறேன்.

ஒப்பந்தக் கோட்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்த எவருக்கும் அது மனப்பாடம். தாமஸ் ஹாப்ஸ் 1651இல் சொன்னது ஒரு வடிவம், பிறகு ஜான் லாக் சொன்னது ஒரு வடிவம், 1762இல் ரூசோ சொன்னது இன்னொரு வடிவம். தனித்தனி மனிதர்கள் தங்கள் நன்மையைக் கருதி ஒப்புக்கொண்டதால் அரசு பிறந்தது என்பது மூவருக்கும் பொது. இதன் பெரிய பலம், யாரையும் எந்தக் கடவுளையும் நம்பச் சொல்லாதது. பலவீனம், மேற்படி வாடகைதாரரின் கேள்வி. லாக் அதற்கு, ஒரு நாட்டின் சாலையில் நடப்பதே அந்த நாட்டுக்கு மறைமுகமாகச் சம்மதம் தந்ததாகும் என்றார். 1748இல் டேவிட் ஹியூம் அதைக் கேலி செய்தார்: உறங்கும்போது கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவன், கடலில் குதித்துச் சாகாமல் கப்பலிலேயே இருப்பதால் தலைவனின் அதிகாரத்துக்குச் சம்மதித்துவிட்டான் என்று சொல்வதைப் போன்றது அது. வாடகை முன்பணம் கொடுத்துக் குடிவந்துவிட்டபிறகு மாடிக் கதவைப் பார்க்கிறவரிடம், 'பிடிக்காவிட்டால் காலி செய்யலாமே' என்பதும் இதே தர்க்கம்தான். தவிர, ஒப்பந்தம் என்ற சொல் நம் ஊரில் இன்று எதைக் குறிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர் என்று பொருள். காலம் முடிந்தால் இரு தரப்புக்கும் கடமை முடிந்தது. ஓர் அரசியல் சமூகம் அப்படிப்பட்டதா?

செங்கோல் மரபிடம் போகும்போது என் மனம் இளகுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல் நிறுவப்பட்டதிலிருந்து அந்தச் சொல்லைச் சூடில்லாமல் பேசுவது கடினமாகிவிட்டது. ஆனால் சொல் அந்தச் சர்ச்சையைவிட மிகப் பழையது. திருக்குறள் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்து, அளவுகோலைப் பிறப்பிலோ வெற்றியிலோ வைக்காமல் ஆள்பவனின் நடத்தையில் வைக்கிறது. புறநானூற்றின் 72ஆம் பாட்டில் பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் போருக்குப் போகுமுன் வஞ்சினம் கூறுகிறான்: பகைவரை வெல்லாவிட்டால், என் நிழலில் வாழ்பவர்கள் கண்ணீர் விட்டு என்னைக் கொடியவன் என்று பழி தூற்றும்படி, 'குடிபழி தூற்றும் கோலேன் ஆகுக'. தன் குடிகளின் வாயை அரசன் தனக்கான தண்டனைக் கருவியாக்கிக்கொள்கிறான். இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருக்க வேண்டும். சீனாய் மலைப் பக்கம் போகும்போது மறுபடி தேவைப்படும்.

ஆனால் அந்தக் குடி செய்யக்கூடியது பழி தூற்றுவதும் அழுவதும்தான். ஆற்றாது அழுத கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் படை என்று வள்ளுவர் சொல்வது அறத்தின் மீதான நம்பிக்கை. அதை ஓர் ஏற்பாடு என்று சொல்ல முடியாது. அரசன் யாரிடம் வாக்குக் கொடுத்தான், அதை மீறினால் யார் கேட்பது என்பதற்கு அமைப்பு ஏதும் இல்லை. உத்திரமேரூர் இருக்கிறதே என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் உடனே எழுந்தார். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறை வியப்புக்குரியதுதான். கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிவைக்கும் விதியை இன்றைய உள்ளாட்சிக்குப் பரிந்துரைக்கலாம். ஆனாலும் அது பிராமணருக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊரான ஒரு பிரமதேயத்தின் சபை. நிலமும் வேதப் படிப்பும் 35க்கு மேல் 70க்குள் வயதும் உள்ள ஆண்களுக்கானது. அந்த ஊரின் வயலில் உழைத்தவரின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை.

இனி உடன்படிக்கை. முதலில் சொல்லையே பார்க்கலாம். எபிரேய மொழியில் பெரித் என்று ஒரு சொல். அதைத் தமிழில் கொண்டுவந்தவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் வேப்பேரியில் உட்கார்ந்து மொழிபெயர்த்த ஃபப்ரிசியுஸ் உள்ளிட்டோரின் மரபினர், நமக்கு இரண்டு சொற்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள். நூலுக்குள்ளே வரும்போது உடன்படிக்கை. நூலின் அட்டையில் வரும்போது ஏற்பாடு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று சொல்கிறோமே, அந்த ஏற்பாடு. கல்யாண ஏற்பாடு, சாப்பாட்டு ஏற்பாடு என்று நாம் புழங்கும் அதே சொல். ஒன்றில் இரு தரப்பின் மனம் இணங்குகிறது. மற்றொன்றில் ஒருவர் முன்கூட்டியே எல்லாவற்றையும் அமைத்து வைத்துவிடுகிறார். இந்தக் கருத்தின் மொத்தச் சிக்கலும் இந்த இரண்டு தமிழ்ச் சொற்களுக்கு நடுவே கிடக்கிறது என்பது என் எண்ணம்: மக்கள் உடன்பட்டார்களா, அல்லது அவர்களுக்காக ஏற்பாடு செய்யப்பட்டதா?

எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேல் மக்களோடு கடவுள் செய்துகொண்டதாக விவிலியம் சொல்லும் சீனாய் மலை உடன்படிக்கையின் வடிவம் அந்தரத்தில் பிறந்ததன்று. பழங்காலத்தில் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் பேரரசர்கள் தங்களுக்குக் கீழ்ப்பட்ட அரசர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளின் அமைப்போடு அது பெரிதும் ஒத்திருப்பதை விவிலிய ஆய்வாளர் ஜார்ஜ் மெண்டன்ஹால் 1954இல் எடுத்துக்காட்டினார். பேரரசரின் பெயர், அவர் செய்த நன்மைகளின் வரலாறு, விதிகள், சாட்சிகள், கடைசியில் காத்தவர்க்கு ஆசியும் மீறியவர்க்குச் சாபமும். கல்வெட்டு படித்த தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது. நம் சாசனங்களும் அரசனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் தொடங்கி, கொடையின் விவரம் சொல்லி, சந்திராதித்தவர் நிற்கும் வரை என்று காலம் குறித்து, கொடையைக் காக்கச் சொல்லும் ஓம்படைக்கிளவியில் முடிகின்றன. இதைக் காத்தவர் பாதம் என் தலைமேலது, அழித்தவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு, அது சிறியதன்று. மெய்க்கீர்த்தி அரசன் எத்தனை நாடுகளை வென்றான் என்று சொல்கிறது. சீனாயில் சொல்லப்படும் முன்வரலாறு, 'உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே' என்பது. கட்டளைக்கு முன்னால் விடுதலை வந்துவிடுகிறது. வென்றவன் என்பதற்காகக் கீழ்ப்படியச் சொல்லவில்லை. உன்னை விடுவித்தவன் என்பதற்காக.

இன்னும் விந்தையானது விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரம். இஸ்ரவேலரின் மூதாதையான ஆபிரகாம், கடவுள் அவரோடு உடன்படிக்கை செய்யும் வேளையில், விலங்குகளை இரு துண்டுகளாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறார். உடன்படிக்கை செய்பவர் அந்தத் துண்டுகளுக்கு இடையே நடந்துபோக வேண்டும். வாக்கை மீறினால் எனக்கும் இதே கதி என்பது அதன் பொருள் என்று விளக்குகிறார்கள். எபிரேயத்தில் உடன்படிக்கை 'செய்வது' இல்லை, 'வெட்டுவது'. இங்கே ஆபிரகாம் ஆழ்ந்த உறக்கத்தில் கிடக்க, கடவுளின் அடையாளமாகப் புகையும் சூளையும் எரியும் தீப்பந்தமும் மட்டும் நடுவே கடந்துபோகின்றன. அதாவது பலம் வாய்ந்த தரப்பு மட்டுமே தன்மேல் சாபம் ஏற்றுக்கொள்கிறது. நெடுஞ்செழியனின் வஞ்சினத்துக்கு இதுவே நெருங்கிய உறவு. பாண்டியன் நின்ற இடம் அதுதான். ஆனால் அங்கே மரபு ஒரு பாட்டோடு நின்றுவிட்டது, இங்கே அதிலிருந்து ஓர் அரசியல் வளர்ந்தது.

அந்த அரசியல் என்ன செய்தது என்றால், அரசனை வாக்குக்குக் கீழே நிறுத்தியது. விவிலியத்தின் சட்ட நூல்களில் ஒன்றான உபாகமத்தின் 17ஆம் அதிகாரம், அரசன் குதிரைகளையும் மனைவியரையும் வெள்ளி பொன்னையும் பெருக்கக் கூடாது என்கிறது; சட்டத்தின் பிரதியொன்றைத் தனக்கென எழுதிவைத்து வாழ்நாள் முழுவதும் வாசிக்க வேண்டும் என்கிறது. தாவீதே எப்ரோனில் மூப்பர்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகுதான் இஸ்ரவேல் முழுவதற்கும் அரசனானார். அவருடைய பேரன் ரெகொபெயாம், சுமையைக் குறைக்கச் சொன்ன மக்களிடம் சீகேமில் திமிராகப் பேசியபோது பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின. நம் மரபில் அழுத குடி, அங்கே எழுந்து வெளியே போய்விட்டது. வாடகைதாரரின் கேள்விக்கும் மூன்றில் இது ஒன்றுதான் நேராக முகம் கொடுக்கிறது. இன்று இங்கே நம்மோடு நிற்பவர்களோடு மட்டுமல்ல, இங்கே இல்லாதவர்களோடும் இந்த உடன்படிக்கை என்று உபாகமம் 29 வெளிப்படையாகச் சொல்கிறது. சொல்லிவிட்டு விட்டுவிடவில்லை, யோசுவா சீகேமில், யோசியா எருசலேமில், சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் நெகேமியாவின் காலத்தில் என்று, ஒவ்வொரு நெருக்கடியிலும் அது உரக்க வாசிக்கப்பட்டு, மறுபடி ஏற்கப்பட்டது. பிறக்காதவரைக் கட்டும் வாக்கு, பிறந்தபின் அவர் வாயால் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

அந்தச் சம்மதம் உண்மையானதா என்ற சந்தேகம் வெளியாட்களுக்கு மட்டும் வரவில்லை. மலையின் அடிவாரத்தில் நின்றார்கள் என்ற வரிக்கு, கடவுள் மலையைக் கவிழ்த்த பாத்திரம்போல் அவர்கள் தலைமேல் பிடித்து, ஏற்றால் நல்லது, இல்லாவிட்டால் இதுவே உங்கள் கல்லறை என்றார் என்று யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தால்மூதில் ஓர் அறிஞர் விளக்கம் சொல்கிறார். அப்படியானால் உடன்படிக்கை செல்லாது என்று வாதிடலாமே என்று அடுத்தவர் கேட்கிறார். பிற்காலத்தில், எஸ்தரின் நாட்களில், மனமார மறுபடி ஏற்றுக்கொண்டார்கள் என்று மூன்றாமவர் பதில் சொல்கிறார். தன் அடித்தளத்தின்மேலே இப்படி வழக்குப் போட்டுப் பார்த்த மரபு எனக்குப் பிடிக்கிறது. இதைப் படிக்கும்போது 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம் நினைவுக்கு வராமல் இருக்காது. காந்தியின் சாகும்வரை உண்ணாவிரதம் தலைக்குமேல் நிற்க, தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட்டு 148 ஒதுக்கீட்டு இடங்களுக்கு அம்பேத்கர் கையெழுத்திட்டார்; அவற்றில் 30 சென்னை மாகாணத்துக்கு. நம்மூர் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டவர்களில் உண்டு. மலை தலைக்குமேல் நிற்கையில் தந்த சம்மதம் எப்போது சம்மதமாகும் என்ற தால்மூதின் கேள்வி அங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

ஒப்பந்தக் கட்சியிலிருந்து நான் விலகியது வரலாற்றைப் பார்த்த பிறகு. 1603இல் அரசியலைப் பற்றித் தம் பெருநூலை வெளியிட்ட ஜெர்மானியச் சிந்தனையாளர் யோகான்னஸ் அல்துசியஸ், குடும்பம், தொழிற்சங்கம், நகரம், மாகாணம், நாடு என்று ஒவ்வோர் அடுக்கும் கீழுள்ள அடுக்குகளின் உடன்படிக்கையால் எழுவதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு எம்டன் என்ற சிறு துறைமுக நகரத்தின் சட்ட அதிகாரியானவர், 1638இல் இறக்கும்வரை அந்நகரத்தின் உரிமைகளுக்காக வாதாடினார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசி, 'அவன் சரியான எம்டன்' என்ற வழக்கையே நமக்குத் தந்த கப்பலுக்கு இந்த ஊரின் பெயர்தான். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் 41 பேர் கடவுளை முன்வைத்து ஓர் அரசியல் உடலாக உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 1638இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்காரர்கள் தேசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டு அரசனின் வழிபாட்டு முறையை எதிர்த்தார்கள்; அது போராக முடிந்தது. அந்தப் போரைப் பார்த்து அஞ்சியவர்களில் ஒருவர் ஹாப்ஸ். கடவுளோடு நேரடி உடன்படிக்கை யாருக்கும் சாத்தியமில்லை என்றும், வாளில்லாத உடன்படிக்கை வெறும் சொல் என்றும் அவர் எழுதியது இவர்களுக்கான பதில். ஆக, சமூக ஒப்பந்தம் என்பது கடவுள் என்ற சாட்சி நீக்கப்பட்ட உடன்படிக்கை. அங்கிருந்து படிக்கத் தொடங்குவது, இடைவேளைக்குப் பிறகு தியேட்டருக்குள் நுழைவது.

இவ்வளவு சொன்னவன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், அதுவும் மெல்லச் சொல்லக் கூடாது. இதே உபாகமம், 7ஆம் அதிகாரத்தில், அந்நாட்டு மக்களோடு உடன்படிக்கை பண்ணாதே, இரங்காதே, அழித்துவிடு என்கிறது. உடன்படிக்கை 'நாம்' என்று ஒரு வட்டம் போடுகிறது. வெளியே நிற்பவருக்கு அந்த வட்டம் வேலி. 1838 டிசம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் இரத்த ஆற்றங்கரையில் ஜூலுக்களை வென்ற டச்சு வழிக் குடியேறிகள், போருக்கு முன் கடவுளோடு பொருத்தனை (நேர்ச்சை) செய்துகொண்டதாகச் சொல்லி அந்த நாளைப் புனித நாளாக்கினார்கள். நிறவெறி அரசு அதை விழாவாகக் கொண்டாடியது. அந்த அரசு வீழ்ந்தபிறகு அதே தேதி 1995இலிருந்து நல்லிணக்க நாளாயிற்று. சாதியால் ஊரும் சேரியும் பிரிந்த நாட்டில் 'தெரிந்தெடுக்கப்பட்ட மக்கள்' என்ற சொல்லை எச்சரிக்கையில்லாமல் கையிலெடுக்க முடியாது. இந்தக் குறை செங்கோலுக்கும் உண்டு. ஒப்பந்தக் கோட்பாட்டுக்கு, கோட்பாட்டளவிலாவது, குறைவு. அந்த அளவில் ஒப்பந்தக் கட்சியின் வாதம் இன்னும் நிற்கிறது.

இந்தியாவுக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு. கூட்டாட்சி என்று நாம் சொல்வதன் ஐரோப்பியச் சொல், உடன்படிக்கை எனப் பொருள்படும் ஃபோதுஸ் என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆனால் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், இந்தியக் கூட்டாட்சி மாநிலங்கள் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவு அன்று, ஆகவே பிரிந்துபோகும் உரிமை எவருக்கும் இல்லை, அதனால்தான் ஒன்றியம் என்ற சொல் என்று விளக்கினார். ரெகொபெயாமின் சீகேம் இங்கே நடக்கக் கூடாது என்பது அதன் பொருள். மறுபுறம், சுதேச மன்னர்கள் இணைந்தபோது கையெழுத்தானவற்றில் பல உடன்படிக்கை என்ற பெயரிலேயே இருந்தன. அவற்றில் மன்னர்களுக்கு வாக்களித்த மானியத்தை 1971இல் 26ஆவது திருத்தம் ஒழித்தது. சமத்துவத்தின் பெயரால் மீறப்பட்ட வாக்கு, நான் அதன் பக்கம்தான். ஆனால் 1949 திருவாங்கூர், கொச்சி உடன்படிக்கை கோயில்களுக்குத் தந்த வாக்கு 290ஏ என்ற பிரிவாக இன்றும் உயிரோடிருக்கிறது. 1956இல் கன்னியாகுமரிப் பகுதி நம்மோடு சேர்ந்ததால், அங்குள்ள கோயில்களுக்காக ஆண்டுதோறும் பதின்மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய் தமிழ்நாட்டின் நிதியிலிருந்து தர வேண்டும் என்கிறது அது. அந்த உடன்படிக்கையில் கோட்டையிலிருந்த யாரும் கையெழுத்திடவில்லை. மாடிக் கதவுத் தாளைப் பற்றிக் கேட்டவரிடம் இதைச் சொன்னேன்; சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.

அரசியலமைப்பின் முகவுரையில் 'கடவுளின் பெயரால்' என்று சேர்க்க வேண்டுமென அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் எச்.வி. காமத் 1949 அக்டோபர் 17 அன்று திருத்தம் கொண்டுவந்தார். கடவுளை வாக்கெடுப்புக்கு விட வேண்டாமென்று பலர் தடுத்தும் அவர் கேட்கவில்லை. 41 பேர் ஆதரவு, 68 பேர் எதிர்ப்பு. மக்களாகிய நாம் நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம் என்று முகவுரை நின்றது: உடன்படிக்கையின் உருவம் உண்டு, மேலிருந்து பார்க்கும் சாட்சி இல்லை. நம் அமைச்சர்கள் பதவியேற்கும்போது சிலர் கடவுளறிய என்றும் சிலர் உளமார என்றும் உறுதி கூறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சாட்சியின் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வியை அந்த ஒரு சொல் ஒவ்வொரு முறையும் திறந்துவிடுகிறது.

ஆகவே என் பரிந்துரை: உடன்படிக்கையிலிருந்து தொடங்கலாம். முதல் மூன்று அமர்வுகள் சீனாயும் சீகேமும்; அவற்றுள் ஒன்றில் உபாகமம் 7ஐத் தவிர்க்காமல் வாசிக்க வேண்டும், அந்தப் பகுதியை வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து பேச ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நான்காவது அல்துசியஸ். ஐந்தாவதில் ஹாப்ஸும் ஹியூமும் வந்தால் போதும். ஆறாவது புறநானூறும் உத்திரமேரூரும். அந்த ஞாயிற்றுக்கிழமை வேனில் நேரில் போய்க் கல்வெட்டைப் பார்த்துவிடலாம், இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். கடைசி இரண்டும் அரசியல் நிர்ணய சபை விவாதங்கள். செங்கோல் கட்சிக்காரர்கள் தங்கள் அமர்வு ஆறாவதாகப் போனதில் வருத்தப்படக்கூடும். ஆபிரகாமின் உறக்கத்தைப் படித்த பிறகு அந்த வஞ்சினத்தைப் படித்தால் அது பெரிதாகத் தெரியும் என்பதே என் காரணம்.

அமர்வுகள் மாலை ஏழரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடியாது. 2009ஆம் ஆண்டுத் தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில், வாடகைதாரர்களையும் அழைத்து, ஒருமுறை உரக்க வாசித்து மறுபடி வாக்குக்கு விட வேண்டும் என்று செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். முதல் கையெழுத்து முதல் தளத்துப் பெண்ணுடையது.